சொல்லும் பொருளும்: கேள்கர் அருங்காட்சியகம் – ஒரு திறனாய்வு

தமிழில் ‘பொருள்’ என்பது பல பொருள் குறித்த ஒரு சொல். சொல் உணர்த்தும் கருத்தினையும் பொருள் என்கிறோம். கையால் எடுத்து ஆளும் பண்டத்தினையும் பொருள் என்கிறோம். தேடிச் சேர்க்கும் செல்வத்தினையும் பொருள் என்றே வழங்குகிறோம். தொல்காப்பியர் சொல்லுக்கு ஓர் அதிகாரமும் பொருளுக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். அவர் கருதிய பொருள் வாழ்வின் பொருளே. எனினும் அவ்வதிகாரத்தில் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய உணவும் பறையும் யாழும் கருப்பொருள்களாக எண்ணப்பெறுகின்றன. மனிதன் அன்றாடம் ஆளும் பண்டங்களும் அவன் வாழ்வின் இலக்கணத்துள் அடங்கும் என்பது இதனால் பெறப்படும். இக்கருத்தை மனத்திற்கொண்டு, நாம் வாழும் இந்நகரிலுள்ள ஓர் அருங்காட்சியகத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1817-ஆம் ஆண்டு கட்கிப் போரில் பேஷ்வாவின் படை தோற்றபின் ஆங்கிலேயர் இந்நகரின் கிழக்கே படைவீடு அமைத்தனர். அப்படைவீட்டின் பெயரே ‘கேம்ப்’ என்று இன்றளவும் நிலைத்துவிட்டது. படையைத் தொடர்ந்து சிப்பாய்களாகவும் கணக்கர்களாகவும் வணிகர்களாகவும் தமிழர் பலர் இங்கு வந்து குடியேறினர். அவர்தம் வழித்தோன்றல்களும், பின்னர் மத்திய அரசுப் பணி நிமித்தம் வந்த நம்மனோரும் ஒருங்கே வாழும் பகுதி இது. ஆயின் கேம்பில் வாழ்வோர்க்கு மகாத்மா காந்தி சாலையும் சிவாஜி மார்க்கெட்டும் தெரிந்த அளவுக்குப் பழைய புனேயின் பேட்டைகள் தெரியா. நான்கைந்து கல் தொலைவே ஆயினும், பேட்டைக்குச் செல்வது வேற்றூர்க்குச் செல்வது போன்றே நமக்குத் தோன்றுகிறது. சுக்ரவார் பேட்டையில் பாஜிராவ் சாலையை ஒட்டி அமைந்த ராஜா தினகர் கேள்கர் அருங்காட்சியகத்தை நாம் பல்லாண்டுகள் காணாதிருந்ததற்கு இதைவிட வேறு காரணம் இல்லை.

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில்தான் குடும்பத்துடன் அங்குச் சென்றோம். எட்டாம் வகுப்பில் பயிலும் நம் வீட்டுப் பெண், ஒரு கண்ணாடிப் பேழையின் முன் நின்று, “அப்பா, இது அடகித்தாதானே? இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?” என்று கேட்டாள். பேழையுள் வரிசையாக இருந்தவை பாக்குவெட்டிகள். பெயரைச் சொன்னோம். “நம் வீட்டில் ஒன்று இருந்ததா?” என்று அடுத்த வினா எழுந்தது. இருந்தது என்று விடையளித்தோம். “இப்போது எங்கே?” என்ற மூன்றாம் வினாவிற்கு விடையளிக்க இயலாமல் அடுத்த கூடத்திற்கு நடந்தோம். அவ்வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஒரு மனிதரின் தேட்டம்

‘ராஜா’ என்னும் பெயரைக் கேட்டு, யாரோ ஒரு குறுநில மன்னரின் கருவூலம் இஃது எனப் பலர் மயங்குவர். உண்மை வேறு. தினகர் கங்காதர் கேள்கர் (1896–1990) மன்னர் அல்லர். மூக்குக்கண்ணாடி வணிகம் செய்த குடும்பத்தவர். ‘அக்ஞாதவாசி’ என்னும் புனைபெயரில் மராட்டியில் கவிதை எழுதியவர். அவருடைய ஒரே மகனின் பெயர் ராஜா. அச்சிறுவன் இளமையிலேயே இறந்துபட, அவன் நினைவாகவே தாம் தேடிய தேட்டம் அனைத்திற்கும் அவன் பெயரைச் சூட்டினார். ஏறத்தாழ 1920-இல் தொடங்கிய தேடல் நாற்பது ஆண்டுகள் நீண்டது. துணைவியார் கமலாபாயும் இம்முயற்சியில் தோள் கொடுத்தார். 1962-இல் அருங்காட்சியகம் உருப்பெற்றது. 1975-இல் கேள்கர் தம் தேட்டம் முழுவதையும் மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்தார்.

இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட பொருள்கள் அவ்வில்லத்தில் உள்ளன. அவற்றுள் காட்சிக்கு வைக்கப்பெற்றவை ஏறத்தாழ 2,500 மட்டுமே. அஃதாவது எட்டில் ஒரு பங்கு. பெரும்பான்மையானவை பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. விளக்குகள், பாக்குவெட்டிகள், மைக்கூடுகள், ஹூக்காக்கள், சமையற்கலங்கள், பொம்மலாட்டப் பாவைகள், விளையாட்டுப் பொம்மைகள், ஆடைகள், சித்திரக்கதி ஓவியங்கள், செதுக்கு வேலைப்பாடமைந்த கதவுகளும் சாளரங்களும், இசைக்கருவிகள் என அவை விரிகின்றன.

இத்தேட்டத்தின் அருமையை உணர வேண்டுமாயின் அது தொடங்கிய காலத்தை நினைவிற் கொள்ளல் வேண்டும். அக்காலத்து அருங்காட்சியகங்கள் சிலையும் நாணயமும் படைக்கலமும் கல்வெட்டும் தேடின. இதே புனே நகரில் 1910-இல் தோன்றிய பாரத இதிகாச சம்சோதக மண்டலம் பேஷ்வா காலத்து ஏடுகளையும் கடிதங்களையும் தேடித் தொகுத்தது. வரலாறு அரசரிடமும் அவர்தம் ஆவணங்களிலும் உறைகிறது என்பது அற்றைநாள் கருத்து. கேள்கரோ அடுக்களையில் தேடினார், வாயிற்படியில் தேடினார், வெற்றிலைப் பெட்டிக்குள் தேடினார். ஒரு நகரம் ஒரு தெருவில் தன் சொல்லைக் காத்தது. மற்றொரு தெருவில் தன் பொருளைக் காத்தது.

அழகும் பயனும்

இப்பொருள்களைக் கலைப் பொருள்கள் எனலாமோ, வெறும் புழங்குபொருள்கள் எனலாமோ என்பது திறனாய்வாளன் முன் நிற்கும் முதல் வினா. பயனுக்குரியதும் அழகுக்குரியதும் வெவ்வேறு என்னும் பகுப்பு நம் நாட்டிற்கு உரியதன்று. கொழும்பில் பிறந்து, ஈழத் தமிழ்த் தந்தையார்க்கு மகனாய், உலகம் போற்றும் கலையறிஞராய் விளங்கிய ஆனந்த குமாரசுவாமி (1877–1947), இலங்கையின் கைவினைஞர்களை நேரிற் கண்டு ஆராய்ந்து 1908-இல் தம் பெருநூலை வெளியிட்டார். நன்கு செய்யப்பெற்ற பொருளில் அழகையும் பயனையும் பிரித்துக் காண்பது பிற்காலத்து மயக்கம் என்பதை அவர் தம் வாழ்நாளெல்லாம் வலியுறுத்தி வந்தார். அக்கொள்கைக்குச் சான்று தேடுவோர் இவ்வருங்காட்சியகத்தின் பாக்குவெட்டிகளைக் காண்பாராக.

பாக்குவெட்டி என்பது யாது? ஒரு முனையில் கீலால் பிணைக்கப்பெற்ற இரண்டு கைகள். ஒன்றில் அலகு, மற்றொன்றில் பாக்கைத் தாங்கும் இடம். இதற்கு மேல் அதற்கு வேலை இல்லை. இவ்விரு கைகளையே கொல்லன் தன் கற்பனைக்கு நிலைக்களமாகக் கொள்கிறான். ஆணும் பெண்ணுமாய் அமைந்த ஒரு பாக்குவெட்டியைக் கருதுக. திறக்கும்போது இருவரும் விலகுகின்றனர், மூடும்போது தழுவுகின்றனர். பாக்கு வெட்டுப்படும் நொடியே அவர்கள் சேரும் நொடி. வெற்றிலை போடுதல் நம் நாட்டில் மணவினையோடும் விருந்தோடும் இயைந்தது என்பதை நினைவிற் கொண்டால், இவ்வடிவம் வெறும் அலங்காரம் அன்று என்பது புலனாகும். செயலும் அதன் குறிப்பும் ஓர் அசைவில் ஒன்றிவிடுகின்றன. நல்ல உவமை பாட்டில் ஒட்டவைத்தது போலன்றிப் பாட்டினின்றே முளைத்தது போல் இருக்கும் என்பர். இதுவும் அத்தகையதே.

கால் தேய்க்கும் ‘வஜ்ரி’ எனும் பித்தளைப் பொருளும் அவ்வாறே. அடிப்பக்கம் சொரசொரப்பானது, குதிகாலின் வெடிப்பைத் தேய்ப்பதற்கு உரியது. மேற்பக்கம் கைப்பிடி. அக்கைப்பிடியில் மயிலோ அன்னமோ பிற உருவமோ அமைந்திருக்கும். காலில் படும் பக்கத்தில் அணி இல்லை. கை பற்றும் பக்கத்திலேயே அணி உண்டு. அணியை எங்கே வைக்க வேண்டும், எங்கே வைக்கலாகாது என்பதைப் பெயர் தெரியாத ஒரு கன்னான் இவ்வளவு தெளிவாக அறிந்திருந்தான். நம் மேடைப் பேச்சாளரும் கவிஞரும் இப்பொருளினின்று கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

இனி விளக்குகள். மராட்டியர் இல்லங்களில் ‘சமயி’ என வழங்கும் நிலைவிளக்கு நம் குத்துவிளக்கின் உடன்பிறப்பே. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில் வார்க்கப்பெறும் குத்துவிளக்கின் உச்சியில் அன்னம் வீற்றிருக்க, சமயியின் தண்டு அடுக்கடுக்கான வளையங்களாய் எளிமையாக உயரும். நாம் நிறுத்திவைக்கும் விளக்கிற்கு மிகுதியாக அணி செய்தோம்; இவர்கள் தொங்கவிடும் விளக்கிற்கு மிகுதியாக அணி செய்தனர். தூங்கு விளக்கின் சங்கிலியில் கண்ணிக்குக் கண்ணி யானையும் பறவையும் மனித உருவும் கோத்த திறம் வியப்பிற்குரியது. சுடர் அசையும்போது அவற்றின் நிழல் சுவரில் நடமாடியிருக்கும். மின்விளக்கின் கீழ் அசைவற்று நிற்கும் அவற்றை நாம் காண்பதால் அழகின் ஒரு பாதியையே காண்கிறோம்.

குறைகளையும் எடுத்துக்காட்டுவது திறனாய்வாளன் கடமை. எல்லாப் பொருளும் ஒரு தரத்தன அல்ல. மயில் வடிவில் அமைந்த நரம்பிசைக் கருவிகளைக் கூட்டம் கூடி நின்று காண்கிறது. அங்கே அணி பொருளை விழுங்கிவிட்டது என்பது நம் கருத்து. இசைக்கருவி மயிலாக முயலும்போது மயிலும் முழுமை பெறவில்லை. கருவியும் முழுமை பெறவில்லை. மீன் செதிளும் முதலைத் தோலும் கொண்டு செய்த கவசம் வியப்பைத் தருகிறது. ஆயின் வியப்பு வேறு, சுவை வேறு. கோத்ரூடிலிருந்த மஸ்தானியின் மாளிகைச் சிதைவுகளைக் கொணர்ந்து கேள்கர் மீளமைத்த ‘மஸ்தானி மஹால்’ என்னும் கூடமும் அவ்வகையினதே. முதலாம் பாஜிராவின் காதலை நினைந்து அங்குச் செல்வோர் கதையைக் காண்கின்றனரேயன்றி அதன் தூண்களைக் காண்பதில்லை. கதை இல்லாத விளக்குகளின் முன்னே நிற்போர் சிலரே. அங்கேயே இவ்வருங்காட்சியகத்தின் உயிர் இருக்கிறது.

பெயர் எங்கே?

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. அஃது இந்த ஓர் இல்லத்திற்கு மட்டும் உரியதன்று. உலகத்து அருங்காட்சியகங்கள் பலவற்றிற்கும் பொதுவானது. பாக்குவெட்டி, பித்தளை, இன்ன பகுதி, இன்ன நூற்றாண்டு என்று எழுதிவிட்டால் பொருளின் வரலாறு முடிந்துவிடுகிறது. செய்தவன் பெயர் என்ன? எந்தப் பாட்டி அதனைத் தன் இடுப்பில் செருகியிருந்தாள்? எந்த வறுமை அதனை விலைக்கு அனுப்பியது? இவ்வினாக்களுக்கு விடை தரும் சொல் பெரும்பாலும் பொருளோடு வந்து சேர்வதில்லை.

தமிழரின் நிலை இதற்கு நேர்மாறானது. சொல்லைக் காத்தோம், பொருளை இழந்தோம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை 188 அடிகளையுடையது. அதனுள் எத்தனை விளக்குகள்! மாலையில் மகளிர் இரும்பு விளக்கேற்றி நெல்லும் மலரும் தூவி வழிபடுகின்றனர். அரண்மனையில் யவனர் செய்த பாவை தன் கையில் அகலை ஏந்தி நிற்கிறது. படைவீட்டிலோ வாடைக் காற்றில் சுடர் அலைக்கழியும் விளக்கொளியில், புண்பட்ட வீரரைக் காண அரசன் நள்ளிரவில் நடக்கிறான். வீட்டு விளக்கும் பாசறை விளக்கும் என இரு விளக்கிற்கு இடையே ஒரு பிரிவின் துயரையே நக்கீரர் காட்டிவிடுகிறார். ‘கேம்ப்’ என்னும் பெயருடைய இடத்தில் வாழும் நமக்கு அப்பாட்டு ஏனோ அணுக்கமாகத் தோன்றுகிறது. ஆயினும் நக்கீரர் கண்ட விளக்குகளுள் ஒன்றேனும் இன்று நம் கையில் உண்டோ?

யாழின் கதை இதனினும் இரங்கத்தக்கது. சங்க நூல்களும் சிலப்பதிகாரமும் யாழின் உறுப்புகளை விரித்துரைக்கின்றன. ஆனால் யாழ் வழக்கொழிந்தது. சொற்களை மட்டுமே துணையாகக் கொண்டு, மறைந்த அக்கருவியை மீண்டும் உருவாக்கிக் காட்ட விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து ‘யாழ் நூல்’ இயற்றினார். 1947 ஜூனில் அந்நூல் அரங்கேறியது. ஜூலையில் அடிகள் மறைந்தார். எந்த வீட்டுப் பரணிலேனும் ஒரு பழைய யாழ் எஞ்சியிருந்திருப்பின் அப்பெரியாரின் உழைப்பு எத்துணை எளிதாகியிருக்கும்!

ஈண்டு ஓர் ஒப்புமை தோன்றுகிறது. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக, வீடு வீடாகச் சென்று ஏடு தேடினார். 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1889-இல் பத்துப்பாட்டையும் அச்சேற்றினார். அவர் தேடல் இல்லையேல் நெடுநல்வாடையின் விளக்குகள் சொல்லளவில்கூட நமக்குக் கிட்டியிரா. அவர் ஏடு தேடிச் சென்ற வீடுகளில் பாக்குவெட்டியும் தூங்கு விளக்கும் பல்லாங்குழிப் பலகையும் இருந்தே தீரும். அவற்றைத் தேடி ஒருவர் அக்காலத்தே நம்மிடம் வரவில்லை. சாமிநாதையரின் தேடலைப் பொருளின்பால் செலுத்தியவர் கேள்கர் எனலாம். மராட்டியர் பெற்ற பேறு அது. செட்டிநாட்டு மாளிகைகளின் கதவுகளும் தூண்களும் பெயர்த்தெடுக்கப்பட்டுக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகள் வழியே எங்கெங்கோ செல்வதை நாம் அறிவோம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ரா, தென்னாட்டு வீடுகள் சிலவற்றையே பெயர்த்துக் கொணர்ந்து காத்துவருகிறது என்பது ஓர் ஆறுதல்.

சொல் பொறித்த விளக்கு

சொல்லும் பொருளும் பிரியாது நிற்கும் இடம் ஒன்றையும் இங்குச் சுட்டல் வேண்டும். அது மராட்டியரும் தமிழரும் கலந்த தஞ்சை மண்ணில் உள்ளது. பதினேழாம் நூற்றாண்டில் ஏகோஜி தஞ்சையைக் கைப்பற்றியது முதல் 1855 வரை அங்கே மராட்டியர் ஆட்சி நிலவியது. நம் வீடுகளில் பெரிய பாத்திரத்தைக் ‘கங்காளம்’ என்கிறோமே, அது மராட்டியரின் ‘கங்காள்’ என்று அறிஞர் காட்டுவர். புனேயின் கஸ்பா பேட்டையில் தாம்பட் ஆளி என்னும் செப்புக் கன்னார் தெருவில் இன்றும் சுத்தியல் ஓசையோடு அடித்துருவாக்கும் கலத்தின் பெயரை, தமிழ்ச் சொல் என்றெண்ணி நம் பாட்டிமார் வழங்கி வந்தனர். பொருள் பயணம் செய்யும்போது பெயரையும் உடன் அழைத்துச் செல்லும் என்பதற்கு இது சான்று.

திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி கோயிலில் ஒரு பாவை விளக்கு உண்டு. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தைச் சார்ந்த அம்முனு அம்மணி என்னும் பெண்மணி, தாம் விரும்பியவரையே மணக்க வேண்டி இலட்ச தீபம் ஏற்றுவதாக நேர்ந்துகொண்டார். எண்ணம் நிறைவேறியதும் தம் வடிவிலேயே ஒரு பாவை விளக்கை வார்ப்பித்து, 1853-இல் இறைவன் திருமுன் நிறுத்தினார். யார், எதற்காக என்னும் செய்தியைப் பீடத்திலேயே தமிழில் பொறிக்கச் செய்தார். மராட்டியப் பெண்ணின் விருப்பம், தமிழ்க் கம்மியரின் கைத்திறன், தமிழ் எழுத்தின் சான்று ஆகிய மூன்றும் ஒரு விளக்கில் கூடின. நெடுநல்வாடையின் யவனப் பாவை சொல்லாக மட்டுமே எஞ்சியது. அருங்காட்சியகத்தின் விளக்குகள் பெரும்பாலும் பொருளாக மட்டுமே எஞ்சின. அம்முனு அம்மணியின் விளக்கோ இரண்டுமாக நின்று இன்றும் பேசுகிறது. அது பேசுவதற்குக் காரணம் பீடத்திலுள்ள சில வரிகளேயன்றி வேறில்லை.

நம் வீட்டுப் பதிவேடு

இனி, விடையளிக்காது விட்டுவந்த வினாவிற்குத் திரும்புவோம். நாம் அலுவலகத்தில் எழுத்தர் பணி புரிபவர். ‘டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர்’ என்னும் பதிவேடு நமக்கு நன்கு பழகியது. நாற்காலி, மேசை, பெட்டி எனப் பொருளின் பெயர், எண்ணிக்கை, விலை, வாங்கிய நாள் ஆகியவற்றிற்கு அதில் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. பயனற்றது என்று ஒரு குழு கையொப்பமிட்டால் அது ‘கண்டெம்’ ஆகிவிடும். ஒரு கோடு கிழித்து வரவினின்று நீக்கிவிடுவோம். முப்பது ஆண்டுகள் அந்நாற்காலியில் அமர்ந்து பணியாற்றியவர் யார் என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை.

அன்னையார் மறைந்தபின் பழைய வாடகை வீட்டை விட்டுப் புதிய அடுக்ககத்திற்குக் குடிபெயர்ந்த ஆண்டில், நாம் அவ்வலுவலகப் பழக்கத்தையே வீட்டிலும் மேற்கொண்டோம். பரணிலிருந்து கங்காளம் ஒன்று, அடுக்குப் பாத்திரங்கள் சில, குத்துவிளக்கு ஒன்று, பாக்குவெட்டி ஒன்று இறங்கின. இடம் இல்லை, துலக்குவார் இல்லை, பாக்குப் போடுவாரும் இல்லை. பாத்திர வணிகர் ஒருவர் எல்லாவற்றையும் தராசில் ஏற்றினார். எடைக்கு ஈடாக எவர்சில்வர் டப்பாக்களும் சிறிது பணமும் கிடைத்தன. அந்தப் பாக்குவெட்டியின் பிடியில் ஒரு கிளி இருந்தது. அதன் ஒரு கண் பாட்டியின் கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து மழுங்கியிருந்தது. கும்பகோணத்தில் வாங்கியது என்று அன்னையார் சொன்னதுண்டு. எந்தத் தெருவில், எந்த ஆண்டில், யாரால் என்று நாம் கேட்டதில்லை. தராசுத் தட்டில் அது எத்துணை எடை காட்டியது என்பதும் இன்று நினைவில் இல்லை.

ஏமாற்றப்பட்டோம் என்று நாம் சொல்லவில்லை. வணிகர் நேர்மையாகவே எடை போட்டார். எடை போட்டால் அதற்குரிய விலை அவ்வளவே. எடையில் அகப்படாத ஒன்றை நாமே தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டோம் என்பதுதான் செய்தி. அருங்காட்சியகப் பேழையின் முன் நம் பெண் கேட்ட மூன்றாம் வினாவிற்கு விடை இதுவே.

இது நம் ஒருவர் கதையன்று. கேம்பில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இதுவே நிகழ்ந்திருக்கும். ஊரிலிருந்து வந்த தலைமுறையிடம் சொல்லும் இருந்தது, பொருளும் இருந்தது. நம் தலைமுறை பொருளை எடைக்குப் போட்டுவிட்டுச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டது. அடுத்த தலைமுறை அடகித்தா என்னும் மராட்டிச் சொல்லை அறியும். பாக்குவெட்டி என்னும் சொல்லைத் தந்தையிடம் கேட்டறியும். அது குழந்தைகளின் குற்றமன்று. மராட்டிச் சொல்லை அவர்கள் அறிந்திருப்பது மகிழ்ச்சிக்குரியதே. பொருளைக் காணாத வாயில் சொல் எவ்வாறு தங்கும்?

செய்யத்தக்கது

இழந்ததை எண்ணி வருந்துவதோடு நின்றால் இக்கட்டுரையால் பயனில்லை. அருங்காட்சியகம் என்பது அரசும் செல்வரும் மட்டுமே அமைக்கத்தக்கது என்று எண்ண வேண்டுவதில்லை. ஆண்டுதோறும் நவராத்திரியில் நம் மகளிர் ஒன்பது நாள் அருங்காட்சியகம் ஒன்றை வீட்டிலேயே அமைக்கின்றனர். அதன் பெயர் கொலு. படிகளில் பொம்மைகள் அமர்கின்றன. காண வருவோர்க்கு, “இந்த மரப்பாச்சி பாட்டியின் திருமணத்தில் வந்தது, இந்தச் செட்டியார் பொம்மை பண்ருட்டியில் வாங்கியது” என்று வீட்டுத் தலைவி ஒவ்வொன்றின் வரலாற்றையும் சொல்கிறாள். பிறகு பாட்டும் சுண்டலும். பொருளும் சொல்லும் ஒருங்கே வழங்கப்பெறும் இவ்வழக்கம் எந்த நாட்டுப் பேரருங்காட்சியகத்திற்கும் வழிகாட்டத் தக்கது.

இம்முறையைச் சற்றே விரித்தால் போதும். அடுத்த பொங்கல் விழாவிற்குச் சங்கத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் எஞ்சியுள்ள பழம்பொருள் ஒன்றைக் கொணர்வாராக. அது விலையுயர்ந்ததாக இருத்தல் வேண்டா. அஞ்சறைப் பெட்டியோ, உழக்கோ, துருவலகையோ, தூக்குச் சட்டியோ எதுவாயினும் ஏற்கத் தக்கதே. ஒரு தாளில் அதன் தமிழ்ப் பெயர், அது செய்யப்பெற்ற ஊர், புனேக்கு வந்த ஆண்டு, அதனை ஆண்டவர் பெயர், அவரைப் பற்றிய நினைவு ஒன்று ஆகிய ஐந்தையும் எழுதி உடன் வைப்பாராக. எழுதும் பணியைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தல் நன்று. கேட்டு எழுதுவதற்கேனும் அவர்கள் பாட்டியின் அருகில் அமர்வர். விழா முடிந்ததும் பொருள் வீட்டிற்குத் திரும்பட்டும். தாளின் படி சங்கத்தில் இருக்கட்டும். பதிவேட்டைப் பேணும் வேலை நமக்குப் பழகியது. அதனை நாமே ஏற்றுக்கொள்கிறோம்.

அதற்கு முன்பாக ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சுக்ரவார் பேட்டைக்குச் சென்று வாருங்கள். மஸ்தானி மஹாலைக் காணுங்கள். ஆனால் விளக்குகளின் முன்னும் பாக்குவெட்டிகளின் முன்னும் சற்றுக் கூடுதலாக நில்லுங்கள். மகனை இழந்த ஒரு தந்தை நாற்பது ஆண்டுகள் தேடிச் சேர்த்தவை அவை. வேற்றார் வீட்டுப் பொருள்களைத் தம் வீட்டுப் பொருள்களாகவே அவர் போற்றினார். அவற்றின் தமிழ்ப் பெயர்களை உங்கள் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். “நம் வீட்டில் இருந்ததா?” என்று அவர்கள் கேட்பார்கள். அந்த வினாவிற்கு எம்மினும் நல்ல விடை உங்களிடம் இருக்கக்கூடும். இருப்பின், அதனைப் பரணிலிருந்து இன்றே இறக்கி வையுங்கள்.